பூமிக்குப் பெயர் வைத்தவர்

கோளரங்கத்தின் துணை இயக்குநருக்கு அலுவலகத்தில் 'பிரபஞ்சம்' என்று பெயர். காபி ஆறிப்போனாலும் "இந்தப் பிரபஞ்சத்துல..." என்றுதான் ஆரம்பிப்பார். இயக்குநர் நாற்காலி காலியாகிக் கொஞ்ச காலமாகிறது. அதற்கும் இவருக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு காட்சி: 'கோள்கள் பெயர் பெற்ற கதை'. அரங்கக் குழுத் தலைவர் அதைப் படுத்துப் பார்த்துத் தலையாட்டினால் போதும். படுத்து என்றது மரியாதைக் குறைவல்ல. கோளரங்கத்தில் எல்லா இருக்கையும் சாய்ந்துதான் கிடக்கும். தலைவரோ சாய்ந்தால் தூங்கிவிடுகிற பிறவி.

வசனம் எழுதும் வேலையை மனைவியின் தம்பிக்கே கொடுத்திருந்தார். மற்ற கோள்களில் சிக்கல் இல்லை. செவ்வாய்க்குப் போர்க்கடவுள், வெள்ளிக்குக் காதல் தேவதை என்று ரோமானியர்கள் தாராளமாகப் பெயர் வைத்திருந்தார்கள். பூமியில்தான் வண்டி படுத்துக்கொண்டது. மச்சான் அகராதிகளைப் புரட்டிவிட்டு வந்து நின்றான். ஆங்கிலத்தின் எர்த் என்றால் மண், தரை. லத்தீனின் டெர்ரா, காய்ந்த இடம். சீனர்கள் கொஞ்சம் யோசித்துத் தரையோடு பந்தைச் சேர்த்திருக்கிறார்கள். தமிழின் ஞாலம், தொங்குவது. வைத்தவர் யார் என்று எங்கேயும் கையெழுத்து இல்லை.

"ஏண்டா, அக்கம்பக்கத்துக்கெல்லாம் தேவன் தேவதைன்னு வச்சுட்டு, சொந்த வீட்டுக்கு மண்ணுன்னா வைப்பாங்க?"

"அண்ணாந்து பார்த்தப்ப சாமி தெரிஞ்சுது. குனிஞ்சு பார்த்தா மண்ணுதானே அத்தான் இருந்துச்சு."

அத்தானுக்கு இது ஜீரணமாகவில்லை. பூமிக்குப் பெயர் வைத்தது ஒரு மாமன்னர், ஆதாரம் தயார் என்று குழுக் கூட்டத்தில் ஏற்கெனவே முழங்கிவிட்டு வந்திருந்தார். ஆகவே மன்னரைத் தயாரிக்க உத்தரவாயிற்று. மச்சான் முனகிப் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் அக்கா பார்த்த பார்வையில் மன்னர் பிறந்தார். மலையேறி, கை நீட்டி, "இதற்கு நான் பெயரிடுகிறேன்" என்பார். என்ன பெயர் என்று சொல்வதற்குள் இசை பொங்கி அவரை மூடிவிடும்.

முகம்தான் பாக்கி. அதற்குப் பிரபஞ்சமே யோசனை வைத்திருந்தார். ஓவியரிடம் தலைவரின் புகைப்படத்தைக் கொடுத்து, மூக்கு அப்படியே இருக்கட்டும், முடியை வளர்த்துக் கன்னத்தையும் தொப்பையையும் கரைத்துவிடுங்கள் என்றார்.

காட்சி நாளன்று விளக்குகள் அணைந்தன. செவ்வாய் உதிப்பதற்குள் தலைவரிடமிருந்து குறட்டை உதித்தது. பக்கத்து இருக்கையில் பிரபஞ்சம் பதறவில்லை. மன்னர் வரும்போது எழுப்பினால் போதும். கூரை முழுக்கப் பொன்னிற முகம் விரிந்தது. தோளைத் தொட்டார்.

"ஐயா, பாருங்க. உலகத்துக்கே பேர் வச்சவரு."

தலைவர் கண்ணைத் திறந்தார். தலைக்குமேல் வீடளவு தொங்கிய முகத்தைப் பார்த்தார். எழுந்தேவிட்டார்.

"இவன் என் பங்காளியில்ல?"

தானும் ஒருகாலத்தில் ஒல்லியாக இருந்தது தலைவருக்கு மறந்துபோயிருந்தது. சித்தப்பா மகன் இன்னும் ஒல்லிதான். மூக்கோ குடும்ப மூக்கு. தாத்தா விட்டுப்போன நிலத்துக்காக இருவரும் நீதிமன்றப் படியேறி இறங்குவது ஊருக்கே தெரியும், பிரபஞ்சத்தைத் தவிர.

"ஒரு துண்டு நிலத்துக்குத்தான்யா அவன் கேஸ் போட்டான். நீ மொத்தத்தையும் அவன் பேர்ல எழுதிட்ட."

ஆதாரம் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. பிரபஞ்சம் வாழ்நாளில் முதன்முறையாகச் சுருக்கமாகப் பேசினார். இல்லை என்றார். அப்படியானால் பெயர் எப்படித்தான் வந்தது என்றதற்கு, முக்கால்வாசி மொழிகளில் வெறும் மண் என்றுதான் என்று தரையைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

தலைவருக்கு மூச்சு சீரானது. "மண்ணுன்னே இருக்கட்டும். கேஸ் முடியுற வரைக்கும் யார் பேரும் வேணாம். உன் விஷயத்தையும் அப்புறம் பார்ப்போம்."

வழக்கு இன்னும் நடக்கிறது. பூமி மண்ணாகவே இருக்கிறது. பிரபஞ்சம் துணை இயக்குநராகவே இருக்கிறார்.