கொடும்பாவி போட்டிருந்த கோட்டு

எங்கள் நெசவு ஊரான பெய்ஸ்லியில் ஜூலை முதல் சனிக்கிழமை மழை பெய்யாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அன்றும் தூறிக்கொண்டிருந்தது. பூங்கா வாசலில் பெரிய மேளம் முழங்கியதும் ஊர்வலம் நகர்ந்தது. மேளத்துக்குப் பின்னால் எங்கள் கார்க் வந்தான். அந்தக் காலத்தில் நெசவாளிகளிடம் சால்வை வாங்கிய ஏஜென்டின் கொடும்பாவி அது. சால்வையைப் பிரியாமல் பிடித்துவைக்கும் மெல்லிய இழை கண்ணுக்குத் தெரியவில்லை, அதற்குக் கூலி கிடையாது என்றவன். போராடித்தான் வாங்கினோம். வாங்கியும் ஆத்திரம் அடங்கவில்லை. வருஷா வருஷம் அவனை ஊர் நடுவே இழுத்துப்போய் மடாலயத்துக்கு அருகில் கொளுத்துகிறோம். எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் லேசில் மறக்க மாட்டார்கள்.

என் மருமகள் கிர்ஸ்டீன் புது மஞ்சள் மழைக்கோட்டில் என்னோடு நடந்தாள். முகத்தில் ஒரே பூரிப்பு. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"கார்க்கைப் பாருங்க அத்தே. இந்த வருஷம் அவன் போட்டிருக்கறது நம்ம வீட்டுக் கோட்டு."

பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கோட்டு. என் வீட்டுக்காரர் ஃபெர்கஸுடையது. பிப்ரவரியில் அவர் போன பிறகு நான் ஆசையாக வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

கிர்ஸ்டீன் சொல்லிக்கொண்டே வந்தாள். அலமாரியைக் காலி பண்ணச் சொன்னேனாம். கார்க்கைத் தூக்கிவரும் லாக்கி பர்டி ஒரு கறுப்புக் கோட்டுக்காக வீடு வீடாக அலைந்தானாம். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். கார்க்குக்குத் துணி கொடுப்பது எங்கள் ஊரில் பெருமை. அவளுடைய அம்மா எத்தனையோ வருஷமாகக் கேட்டும் கிடைக்காத பெருமை. காலி பண்ணச் சொன்னதும் நான்தான். கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டைப் பூச்சிக்குப் பயந்து அலமாரிக்குள் வைத்ததும் நான்தான். இருந்தும் அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

காசிசைடு தெருவில் இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடித்தது. கார்க்கைக் கண்டதும் கூச்சல். திருடன் என்றார்கள், ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றார்கள். வினிகரில் ஊறிய சிப்ஸ் பறந்து வந்து கோட்டின் மார்பில் ஒட்டியது. ஃபெர்கஸ் பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட மன்னிப்புக் கேட்டுத்தான் நகரச் சொல்வார். அவரைப் போய் ஊரே கூடித் திட்டுகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. வெறும் வைக்கோல்தான் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கத்திக்கொண்டிருந்த கிர்ஸ்டீன் திரும்பி என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்ன அத்தே, பிடிக்கலையா?"

"அது ஒண்ணையாவது வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு லாக்கியிடம் போனாள். மேளம் போய்க்கொண்டிருக்கும்போது நிற்க முடியாது என்று அவன் தலையை ஆட்டுவது எனக்குத் தெரிந்தது. உடனே அவள் மேளத்தைத் தாண்டி ஓடி, அதன் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள்.

மேளத்துக்கு முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாது. இது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மேளம் நின்றது. கூட்டம் கார்க்கை விட்டுவிட்டு அவளைக் கேலி செய்யத் தொடங்கியது.

"டேய், கார்க்கோட பொண்டாட்டி வந்துட்டாடா!" என்று ஒருவன் கத்த, தெருவே சிரித்தது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது லாக்கி அவளிடம் கடுகடுவென்று பேசிக்கொண்டிருந்தான். "அவனை அம்மணமா கூட்டிட்டுப் போகச் சொல்றியா? ஊர் மானமே போயிடும்மா."

கிர்ஸ்டீன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். "இதைப் போட்டு விடுங்க. அது என் மாமாவோடது. தெரியாம கொடுத்துட்டேன்."

லாக்கி என்னைப் பார்த்தான். ஃபெர்கஸும் அவனும் ஒரே ஆலையில் நூல் சுற்றியவர்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு, தானே பொத்தான்களை அவிழ்த்துக் கோட்டை என்னிடம் கொடுத்தான்.

முகத்தைப் புதைத்து முகர்ந்தேன். வைக்கோல் வாசனை, வினிகர் வாசனை. அவர் வாசனை துளிகூட இல்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

நிமிர்ந்தபோது கிர்ஸ்டீன் மெல்லிய சட்டையில் தொப்பலாக நனைந்து, பற்கள் கிடுகிடுக்க, என் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம் மறுபடி தொடங்கியது. நான் கோட்டை விரித்துப் பிடித்தேன்.

"கையை உள்ள விடு."

"அத்தே, இது மாமாவோடது."

"எனக்குத் தெரியாதா? நனையறே, போட்டுக்கோ."

அவள் விரல் நுனிகூட வெளியே தெரியாத அளவுக்குக் கோட்டு பெரிதாக இருந்தது. கோட்டின் கைக்குள் என் கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் மஞ்சள் கோட்டில் மினுக்கிக்கொண்டு கார்க் போனான். மடாலயம் வரைக்கும் நானும் தொண்டை கிழிய அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.