கொசுறாக வந்த கழுதை

அக்கா கடையில் உழைத்த இருபத்தெட்டு வருஷத்துக்குத் தம்பி போட்ட விலை: ஒரு தையல் மிஷின், மாடியில் ஓர் அறை, உயிரோடு இருக்கும்வரை சாப்பாடு. பதிலுக்கு, அப்பா விட்டுப்போன இரும்புக் கடையில் தனக்குப் பங்கே வேண்டாம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்குப் பத்திரக்காரர் வருவார்.

வியாபாரி பெற்ற பிள்ளை, கொசுறு போடாமல் அவனுக்குக் கை அடங்காது. கால் கிலோ ஆணிக்கு நாலு ஆணி கூடப் போடுகிறவன், இதற்கும் ஒன்று போட்டான். பரணில் கிடந்த பழைய கதைப் புத்தகத்தைத் தூசி தட்டி, பத்திரத்தின் மேல் வைத்து நீட்டினான்.

"உன் கழுதைக் கதை, பட்டுக்கா. தொலைஞ்சுபோச்சுன்னு எப்படி அழுத!"

பட்டு என்பது கதையில் வரும் பொதி கழுதையின் பெயர். பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கடையில் உட்காரவைத்த அன்று அப்பா அவளுக்கு வாங்கித் தந்த புத்தகம் அது. பன்னிரண்டு வயதில், கல்லா மேஜைக்கு அடியில் வைத்து நூறு தடவை படித்து, நூறு தடவையும் அழுதிருக்கிறாள். கழுதையின் பெயர் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

மத்தியானம் ஈ ஓட்டும் நேரம். தாழ்ப்பாள் பெட்டிகளுக்கும் கீல் பெட்டிகளுக்கும் நடுவே உட்கார்ந்து, ஆசையாகத்தான் பிரித்தாள். ஐந்தாம் பக்கத்தில் புருவம் சுருங்கியது. சரக்கு என்று வந்துவிட்டால் எண்ணிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுத்தாள். இந்தப் பக்கம் சுமை, அந்தப் பக்கம் தீனி.

உப்பு மூட்டை பதினான்கு நடை. எஜமான் வீடு கட்டக் கல், மணல். எஜமானின் மாமியார், அந்த அம்மாளின் பெட்டி வேறு. சுமை அடுத்த தாளுக்கு வழிந்தது. தீனியில் இரண்டே வரி: மூன்றாம் பக்கத்தில் ஒரு பிடி புல், முப்பதாம் பக்கத்தில் ஒரு தடவிக்கொடுத்தல். தடவிக்கொடுத்ததைத் தீனியில் சேர்க்கலாமா என்று யோசித்தாள்; அடித்துவிட்டாள்.

கடைசிப் பக்கத்தில், வெள்ளத்திலிருந்து எஜமானைக் கரைசேர்த்துவிட்டுக் கழுதை செத்துப்போகிறது. 'ஒருநாளும் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லையே என் பட்டு' என்று அவன் கதறுகிறான். அவள் வழக்கமாக அழும் இடம். இன்று ஒரு சொட்டு வரவில்லை; காது மடல் சுட்டது. கேட்காமல் செத்தது பெருமையாம்! கேட்டிருந்தால் தோலை உரித்திருப்பான், பாவி. படத்தைப் பார்த்தாள். சிறுவயதில் கண்ணீர் மறைத்த மூலையில் ஒரு குட்டிக் கழுதை நின்றது, முதுகில் அதே சேணத்தோடு. அழ ஆரம்பிக்கும் முன்பே எஜமான் அதை மறக்காமல் செத்ததிலிருந்து அவிழ்த்து இதற்குக் கட்டியிருக்கிறான்.

அப்பா இந்தப் புத்தகத்தை எத்தனை கடை ஏறி இறங்கித் தேடினாரோ. அளவெடுத்ததுபோல் வாங்கியிருந்தார். பறித்துக்கொண்ட பள்ளிக்கூடத்துக்கு அவர் போட்ட கொசுறு.

நாலு மணிக்குத் தம்பி பத்திரக்காரரோடு வந்து, பேனாவின் மூடியைத் திறந்தே நீட்டினான்.

"இந்த இடத்துலக்கா."

"போடமாட்டேன். பாதிக் கடை எனக்கு வேணும்."

வெயில் தலைக்கேறிவிட்டது என்று பத்திரக்காரரிடம் சொல்லிச் சிரித்தான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னிக்குக்கா நீ இப்படி வாய் திறந்து கேட்டிருக்க?"

"அதையேதான்டா அவனும் சொல்லி அழுதான்."

"எவன்?"

"கழுதைக்காரன்."

பத்திரக்காரர் தன் பேனாவை வாங்கி மூடி, சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவள் பில் புத்தகத்தை முன்பக்கம் திருப்பி எழுதினாள். கதைப் புத்தகத்தை அதில் சேர்க்கவில்லை. கொசுறுக்குக் கணக்குக் கிடையாது. மற்ற வாடிக்கைக்காரர்களுக்குக் கிழிப்பதுபோலவே கிழித்து, தம்பியின் பக்கம் தள்ளினாள்.

இருபத்தெட்டு வருஷம், நாளுக்குப் பத்து மணி நேரம்.
கழிவு: சாப்பாடு, துணி.
தையல் மிஷின்: வேண்டாம்.
பாக்கி: பாதிக் கடை.