சீமோன் சோற்றுக்கு வழக்காடியது

மகள் ஸ்டெபனி ஈத்தனைக் கட்டுவதற்காக யூத சமயத்துக்கு மாறியபோது அகதியாய் வந்து பிக்கரிங் நகரில் குடியேறிய சீமோன் வாயே திறக்கவில்லை. பன்றியை விட்டாள், சரி. நண்டுக்கறியை விட்டாள், நெஞ்சு கொஞ்சம் எரிந்தது, அதுவும் சரி. மாதா கோயிலையே விட்டாள். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்துவிட்டு அதையும் விழுங்கிக்கொண்டார். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஈஸ்டருக்கு, "பண்டிகைக்கில்லை அப்பா, உங்களுக்காக வாறன். ஆனா சோறு சாப்பிடமாட்டன்" என்று ஃபோனில் சொன்னாளே, அங்கேதான் மனுசனுக்குத் தலை சுற்றியது.

விஷயம் இதுதான். அந்த ஈஸ்டர், யூதர்களின் எட்டு நாள் பாஸ்காவுக்குள் வந்து விழுந்தது. அந்த நாட்களில் அவர்கள் புளித்த மாவில் சுட்ட பாண் தொடமாட்டார்கள். ஈத்தனின் தகப்பன் வழி போலந்து, அஷ்கெனாசி என்ற யூதப் பிரிவு; அவர்களுக்குச் சோறும் ஆகாது. தாய் மொரோக்கோக்காரி, செபராடி என்ற மற்றப் பிரிவு. அவர்கள் அரிசியை மூன்று தரம் பொறுக்கிப் பார்த்துவிட்டுத் தாராளமாகச் சாப்பிடுவார்கள். கடவுள் ஒன்று, வேதம் ஒன்று, சோற்றில் மட்டும் இரண்டு கட்சி.

சீமோன் அகதி வழக்கில் இரண்டு தரம் தோற்றும் விடாமல் நின்று வென்ற ஆள். சட்டம் என்று இருந்தால் அதில் ஓட்டையும் இருக்கும் என்பது அவருடைய விசுவாசம். பன்றி பட்ட பானை மகளுக்கு ஆகாதென்று புதுப் பானையும் கோப்பையும் வாங்கி, பெட்டி பிரிக்காமல் பேஸ்மென்டில் வைத்திருக்கிறவர் சும்மா இருப்பாரா? தவக்கால வெள்ளி ஒன்றில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாதர்ஸ்ட் வீதியில் செபராடிகளின் குருவான ரபி ஒருவரைப் போய்ப் பிடித்தார். மகளை உங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ரபி நல்ல மனுசன். தானும் சோற்றுக்காரன்தான், ஆனால் கலியாணம் கட்டினால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டு வழக்கம்தான் என்று கையை விரித்தார். அந்த வீட்டார் அரிசியை ஏன் விலக்கினார்கள்? காரணம் பல சொல்வார்களாம். எழுநூறு வருஷமாக விலக்குகிறார்கள் என்பதுதான் அதில் பெரிய காரணமாம். ரபிக்குத் தெரிந்த குடும்பம்தானாம்; ஈத்தனின் தாயும் கட்டிய நாளிலிருந்து பாஸ்காவுக்குச் சோறு தொட்டதில்லையாம்.

வழியெல்லாம் பொருமிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி மக்டலீன் அடுப்பில் தவக்காலக் கஞ்சி துழாவிக்கொண்டு நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"கலியாணம் கட்டினாப்போலை ஒரு பொம்பிளை பிறந்த வீட்டுச் சாப்பாட்டை விடோணுமோ? உது எந்த ஊர் நியாயம்?"

மக்டலீனின் அகப்பை நின்றது. அவள் நெடுந்தீவு. அவள் வீட்டில் தேங்காய்ப்பால் விட்டுத்தான் கஞ்சி. மன்னாரில் சீமோன் பிறந்த வீட்டில் உப்பு மட்டும். கட்டிய வருஷம் அவள் பால் விட்டுக் கொடுத்த கஞ்சியை, எங்கள் வீட்டில் இப்படி இல்லை என்று அவர் தள்ளிவைத்தார். அதன்பிறகு முப்பத்தொரு வருஷமாக உப்புக் கஞ்சிதான். அது அவருக்கு மறந்தே போயிருந்தது.

அவள் தேங்காய்ப்பால் தகர ரின் ஒன்றை உடைத்து முழுவதையும் பானையில் கவிழ்த்தாள்.

"எங்கட வீட்டில இப்பிடித்தான்," என்றாள்.

சீமோனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோப்பையை வாங்கிக் குடித்தார். கஞ்சி நல்ல ருசியாகவும் இருந்து தொலைத்தது.

"ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கு வாங்கி வையுங்கோ, பிள்ளை வந்து சாப்பிடட்டும்," என்றாள் மக்டலீன்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு, கோப்பையை இரண்டாம் தரம் நீட்டினார்.