எழுபதடி

கொன்ராட் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், அங்குள்ள கிணறுகளைச் சுவைத்துப் பார்க்கும்வரை தேத்தண்ணி தொடமாட்டார். சீனி நாக்கைக் கெடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. லொறியை நிழலில் நிறுத்திவிட்டு, எனாமல் கோப்பையோடு வீடு வீடாக நடப்பார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாய் நீர். கண்ணை மூடிச் சற்று நேரம் வைத்திருந்து விழுங்குவார். வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்து, அதே கோப்பையோடு மறுபடியும் வருவார். கடலோடு கலக்கும் உப்பு வாவியின் மேற்குக் கரையில் அவரைத் 'தண்ணி ருசிக்கிற துரை' என்று கேலி பேசாதவர் குறைவு. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் என்பதால் வந்த துரைப் பட்டமே தவிர, அவர் கையில் கிரீஸ் மாறாத ஒரு மெக்கானிக்.

இந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்பித்தது கல்லடி என்ற கடலோர ஊர். சுனாமி வந்து போன மறு மாதம், உப்பேறிய கிணறுகளைத் தூய்மையாக்க அவரும் நண்பர்களும் பம்பிகளோடு போய் ஓயாமல் இறைத்தார்கள். நல்ல மனத்தோடு செய்த வேலைதான். ஆனால் மேலே மிதந்த கொஞ்ச நன்னீரும் போய், அடியில் கிடந்த உப்புநீர் ஏறி வந்தது. ஆள் இல்லாமல் இறைபடாது கிடந்த கிணறுகளோ அடுத்தடுத்த மாரிகளில் தாமாகவே தேறின. தண்ணீரைக் கேட்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று அன்றே அவர் முடிவு செய்துகொண்டார்.

போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பியபோது, கொன்ராட்டின் கையில் புதிய இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. கற்பாறையில் துளைத்த குழாய்க்கிணறுகள் பல, குடம் நிறைய அரை மணி நேரம் எடுத்தன. அப்படிப்பட்ட கிணற்றுக்குள் இறப்பர் அடைப்பொன்றை இறக்கி, அதற்குக் கீழே பேரழுத்தத்தில் நீரைச் செலுத்தினால், பாறையின் மயிரிழை வெடிப்புகள் விரிந்து ஊற்றுக்கு வழிவிடும். ஒரே நாளில் ஒரு கிராமத்தின் தாகம் தீரும். ஓராண்டுக்குள் பதினாறு ஊர்களுக்கு அவர் அப்படித் தண்ணீர் கொடுத்திருந்தார். ஆனால் வாவிக்கு அண்மையில் நூற்றிருபது அடிக்குக் குறைந்த ஆழத்தில் அடைப்பை வைப்பதில்லை என்பது அவருடைய விதி. மேலே பிளந்தால், வெடிப்பு எங்கே போய் எதைத் தொடும் என்று எவருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துப் பத்து வைகாசியில், வம்மியடிக்குடா கண்ணகையம்மன் கோயிலிலிருந்து அழைப்பு வந்தது. குளிர்த்திச் சடங்குக்கு இன்னும் எட்டு நாள். அம்மனைக் குளிர்விக்கும் நீர் கோயில் நிலத்தில் ஊறியதாகவே இருக்க வேண்டும் என்பது அவ்வூர் முறை. பழைய கோயில் கிணறு போர்க்காலத்தில் தூர்ந்துபோயிற்று. புதிதாகத் துளைத்த குழாய்க்கிணறோ சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக நடவாத சடங்கு இந்த முறையும் தவறிவிடுமோ என்று, கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரான கனகசிங்கம் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

கொன்ராட் வழக்கம்போல் கிணறுகளைச் சுவைத்தார். கோயிலுக்கும் வாவிக்கும் இடையில் கேதீஸ்வரியின் வீட்டு வளவு இருந்தது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தனியாளாய்ப் பற்றை வெட்டி, மிளகாயும் கத்தரியும் வைத்துப் பிழைப்பவள் அவள். அவளுடைய கிணற்று நீர் இளநீரைப் போல் இருந்தது.

இயந்திரத்தைப் பார்த்து மிரண்டு நின்ற சனங்களுக்குக் கொன்ராட் தமது வழக்கமான கதையைச் சொன்னார். கடும் கோடையில் ஒரு யானை பாறையில் காது வைத்துக் கேட்டதாம். உள்ளே ஊற்றின் சத்தம். வெளியே நூலளவு வெடிப்பு. தும்பிக்கையில் மிச்சமிருந்த நீரையெல்லாம் யானை அந்த வெடிப்புக்குள் ஊதியதாம். பாறை விரிந்தது, காடே குடித்தது.

"பாறைக்கு அங்கால ஒரு ஆமை இரிந்திருந்தா, அதுக்குத் தண்ணி மிஞ்சியிருக்குமா அண்ணன்?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

கூட்டம் சிரித்தது. கொன்ராட்டும் சிரித்தார். "யானை ஆமையிட்டக் கேட்டுப்போட்டுத்தான் ஊதினது தங்கச்சி."

நூற்றெண்பது அடியில் அடைப்பு பிடிக்காமல் நழுவியது, இறப்பர் தேய்ந்திருந்தது. நூற்றிருபதில் பாறை அசையவில்லை. புது இறப்பர் கொழும்பிலிருந்து வரப் பத்து நாளாகும். கனகசிங்கம் கோபுர வாசலைப் பார்த்தபடி மீதி நாட்களை விரல்விட்டு எண்ணினார். அது கொன்ராட்டை நெருக்கியது. எழுபதடியில் இறக்கும்படி உதவியாளர் றெக்ஸுக்குக் கைகாட்டினார். றெக்ஸ் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கினார். அழுத்தமானியின் முள் ஏறி, திடீரென்று விழுந்தது. தண்ணீர் பீறிட்டது. குளிர்த்தி சிறப்பாக நடந்தது. வேப்பிலையால் தெளித்த நீர் கொன்ராட்டின் நெற்றியிலும் விழுந்தது.

ஆடியில் கோப்பையோடு திரும்பி வந்தார். கோயில் நீர் தித்தித்தது. கேதீஸ்வரியின் மிளகாய்ச் செடிகளோ இலை நுனி கருகி நின்றன. அவளுடைய கிணற்று நீரை வாயில் வைத்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுபதடியில் பிளந்த வெடிப்பு, மேல்மண்ணில் தங்கியிருந்த நன்னீரைக் கோயில் பக்கம் இழுக்கிறது. அது விட்டுப்போன இடத்தை வாவி நிரப்புகிறது. இடையில் அகப்பட்டது இந்தக் கிணறு.

பின்னால் கனகசிங்கமும் ஊராரும் நின்றார்கள். "இது சுனாமி உப்பு. கீழ கிடந்தது இப்பத்தான் ஏறுது" என்றார் கொன்ராட்.

"சுனாமி போய் அஞ்சு மாரி பெய்ஞ்சிட்டு அண்ணன். வைகாசியிலயும் இது இனிச்சதுதானே. நீங்களும் குடிச்சீங்களே" என்றாள் அவள்.

அவர் கோப்பையைக் கழுவுவதுபோல் குனிந்துகொண்டார். இயந்திரக்காரன் சொன்னதை ஊர் நம்பியது. றெக்ஸ் லொறியில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தம் மட்டும் பெரிதாய்க் கேட்டது.

அடுத்த வேலை வயல் செய்யும் பதியுதீன் என்ற கமக்காரரின் ஊரில். கொன்ராட் கோப்பையை எடுத்தபோது, பதியுதீன் தம் கிணற்றுவாளியைத் தாமே நீட்டினார். "உங்கட நாக்குச் சொன்னாக் காணும் துரை. எங்களுக்கு வேற ஆய்வு கீய்வு வேணாம்" என்றார்.

வாயில் வைத்த நீரைக் கொன்ராட் ஓரமாய்த் துப்பினார். வாவியோரத்தில் ஒரு பெண்ணின் தோட்டம் கருகிக்கொண்டிருக்க, இங்கே தமது நாக்கை ஒருவர் நம்புகிறார். அவள் இன்னொரு முறை அந்த மண்ணை விட்டுப் போனால், துரத்தியது போரும் அல்ல, கடலும் அல்ல. பதியுதீனிடம் நான்கு வாரத் தவணை கேட்டுவிட்டு லொறியைத் திருப்பினார். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது. தெரிந்ததும் மனம் நிமிர்ந்துகொண்டது.

மறுநாள் கோயில் முன்றலில் ஊர் கூடியிருக்கக் கொன்ராட் நின்றபடியே பேசினார்.

"எழுபதடியில வைச்சது நான். வைக்கப் படாதெண்டு தெரிஞ்சுதான் வைச்சன். தங்கச்சிர கிணத்தில இரிக்கிறது சுனாமி உப்பில்ல. அது நான் சொன்ன பொய். கோயில் கிணத்த மூடி, அந்த வெடிப்ப அடைக்கணும்."

கனகசிங்கம் கிணற்றடியில் வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தார். பிறகு, கோயில் கிணற்றை மூடினால் நாற்பது குடும்பம் எதைக் குடிப்பது என்று கேட்டார். கேட்டவர் குரலில் கோபத்தைவிடத் தம் பங்கும் இதில் உண்டென்ற கூச்சமே மிகுந்திருந்தது.

"பத்து நாள் என்ட லொறி தண்ணி கொண்டுவரும் வண்ணக்கர். புது இறப்பர் வந்திட்டு. நூற்றெண்பதில தண்ணி எடுத்துத் தாறன்."

சொன்னபடியே செய்தார். இரும்புக் குழாயை நூறடிவரை இறக்கி, அதைச் சுற்றிச் சீமெந்துக் குழம்பு செலுத்தி, மேல் வெடிப்பை அடைத்தார். அது இறுகும்வரை ஏழு நாள் எவரையும் கிணற்றைத் தொடவிடவில்லை. எட்டாம் நாள் நூற்றெண்பதில் புதிய இறப்பர் இறுகப் பிடித்தது. முள் ஏறி, மெல்ல இறங்கியது. முந்திய அளவில் பாதிதான் வந்தது. குடிக்கவும் குளிர்த்திக்கும் அது போதும். துணி தோய்க்கவும் குளிக்கவும் தாராளமாக அள்ள முடியாது. சனங்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, முறை வைத்து அள்ளத் தொடங்கினார்கள்.

கேதீஸ்வரியின் கிணறு தேற மாரி வரவேண்டும். அதுவரை ஒன்றுவிட்ட ஒரு நாள் கொன்ராட்டின் லொறி அவளுடைய வேலியோரம் வந்து நிற்கும். இரவல் வாங்கிய தண்ணீர்த் தாங்கியிலிருந்து நீளக் குழாயை இழுத்துப் போய், பாத்தி பாத்தியாக அவரே தண்ணீர் விடுவார். முதல் மூன்று முறை அவள் வெளியே வரவில்லை.

நான்காம் முறை வந்தாள். கருகிய செடிகளின் அடியில் புதுத் துளிர் கிளம்பியிருந்தது. தேத்தண்ணியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, ஆறுமுன் குடிக்கும்படி சொன்னாள். கொன்ராட் தேத்தண்ணியைத் தொடவில்லை. கிணற்றிலிருந்து எனாமல் கோப்பையில் நீர் அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தி, கோப்பையை அவளிடம் நீட்டினார்.

"இனி இந்தக் கிணத்துக்கு நீங்க சொல்றதுதான் ருசி."

அவள் கண்ணை மூடி, அவரைப் போலவே சற்று நேரம் வாயில் வைத்திருந்தாள். "உப்புத்தான். ஆனா போன கிழமையளவு உப்பில்ல" என்றாள். பிறகு, "அந்த யானைக் கதையை இனி முழுசாச் சொல்லுங்க அண்ணன். ஆமைக்குத் தண்ணி சுமந்த இடமும் வரட்டும்" என்றாள்.

கொன்ராட் தலையசைத்துவிட்டு, குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்துக்கொண்டு போனார்.