பிடித்தம் என்று எழுதியது நான்தான்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து வந்தது. அந்தப் புகாருக்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

பகலில் நான் ஒரு வங்கிக்குத் தமிழ் எழுதுகிறேன். உங்கள் போனுக்கு வரும் வங்கிச் செய்திகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டுமே, அந்த யாரோ நான். சுற்றுலாக் கப்பலில் ஏறும்போது உங்கள் கார்டை வாங்கி, வரப்போகும் செலவுக்காக ஒரு தொகையை ஒதுக்கச் சொல்வார்கள். பணம் உங்கள் கணக்கிலேயேதான் இருக்கும், ஆனால் நீங்கள் தொடமுடியாது. செலவு போக மிச்சம் சில நாளில் தானாக விடுபடும். இத்தனையையும் ஒரே சொல்லில் கேட்டார்கள். "பிடித்தம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். [நல்ல டீ. அதுதான் இப்போது உறுத்துகிறது.]

கடிதம் எழுதியவர் ஜெராக்ஸ் கடைக்காரர். நாலு பக்கம், மூன்று பிரதி. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க "மூச்சப் பிடிங்க... விடுங்க" என்று சொல்கிற வேலை. கதைக்காக நான் ஜோடித்தது என்று நினைப்பீர்களே என்று இதை ஒருமுறை அடித்தேன். உண்மையை அடிக்க நான் யார் என்று மறுபடி சேர்த்துவிட்டேன்.

2

கடல் நீலமாக இருந்தது. அவர்கள் இருவரும்—

வேண்டாம். கடல் எந்தக் கதையில்தான் நீலமாக இல்லை?

கப்பலின் ஏழாவது மாடியில் ஒரு பெண்—

நான் கப்பலில் ஏறியதே இல்லை. அந்த நாலு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குள் ஒரு கப்பல் மிதக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே லிஃப்டின் தரைவிரிப்பில் கிழமை எழுதியிருக்கும், தினமும் மாற்றிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் என்ன கிழமை என்று யாருக்கும் தெரியாது. காசு என்ற பொருளே கண்ணில் படாது. ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை தருவார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பணம். கதவில் காட்டினால் கதவு திறக்கும், கடையில் காட்டினால் காபி வரும். கனவில்தான் பொருள்கள் இப்படி வந்துகொண்டே இருக்கும், விலை கேட்கமாட்டார்கள்.

அந்த அட்டையை வைத்து எக்ஸ்ரே அம்மா மூன்று நாளில் ஒரே ஒரு பொருள் வாங்கினார். ஒரு சால்வை, அக்காவுக்கு.*

* அக்கா: நாலாம் நாள் கப்பல் நிற்கும் ஊரில் இருப்பவர். பெற்ற அம்மா செத்த வீட்டில் ஏதோ வார்த்தை தடித்து, இருவரும் பேசிப் பதினோரு வருஷம். 'கப்பல் உங்க ஊருக்கு வருது' என்று தங்கை செய்தி அனுப்பினார். பதில் இரண்டே சொல்: 'வந்தா வா.' கூப்பிடுகிறாளா, விரட்டுகிறாளா? தங்கைக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

3

நாலாம் நாள் காலை. கரை தெரிந்தது, கரையோடு சிக்னலும் வந்தது. மூன்று நாள் கடலில் வழிதெரியாமல் நின்ற என் செய்தி கடைக்காரரின் போனில் வந்து இறங்கியது. தொகைக்குப் பக்கத்தில் என் சொல்: பிடித்தம்.

"அடியே, இங்க பாரு. பாதிக்கு மேல போயிடுச்சு! என்னடி வாங்கின?"

"ஒரு சால்வைதாங்க."

"சால்வையா, கப்பலையே வாங்கிட்டியா?"

இந்த இடத்தில் எனக்கு இந்த அம்மாவின் மேல் சந்தேகம் வந்தது. ஏன் சண்டை போடவில்லை? எழுதிப் பார்த்தேன்: "நான் சம்பாதிக்கலையா?" என்று அவர் சீறுவதாக ஒரு பக்கம். பொருந்தவில்லை. அவர் பயந்துபோயிருந்தார். வேற்று நாட்டுக் காசு, விலைச்சீட்டில் சைபரைத் தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று. தன் தப்பென்று நம்புகிறவருக்குக் குரல் எழும்பாது.

கடைக்காரர் போனிலேயே கார்டைப் பூட்டிவிட்டார். பூட்டினால் மறுநாள்தான் திறக்கும். கணக்கில் மிச்சம் இருந்ததே டாக்சிக்குத் தாராளம், ஆனால் எடுக்க வழியில்லை. கைக்காசும் கிடையாது. பிக்பாக்கெட் பயத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மனுஷன். கப்பல் அட்டை கரையில் வெறும் அட்டை. அக்கா வீடு ஒரு மணி நேரத் தொலைவு.

"யார்கிட்டயாவது கேக்கலாமாங்க?"

"கப்பல்ல வந்துட்டு டாக்சிக்குக் கை நீட்டவா? மானம் போயிடும்."

அன்று பகல் முழுக்க இருவரும் மேல்தளத்தில் உட்கார்ந்து அந்த ஊரைப் பார்த்தார்கள். ஒரு பேருந்து வளைந்து வந்தது. யாரோ மாடியில் துணி உலர்த்தினார்கள். வெயிலில் எல்லாம் மெதுவாக, சத்தமே இல்லாமல் நடந்தன. சாயங்காலம் ஊர் தானாக நகர்ந்து போவதுபோல இருந்தது. நகர்ந்தது இவர்கள்தான்.

கடிதத்தின் கடைசிப் பக்கம்: "என் மனைவியின் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று போட்ட பணம் என்றைக்காவது திரும்பி வந்திருக்கிறதா? ஊருக்கு வந்த பிறகு, சால்வைக் காசு போக மற்றப் பணம் முழுசாகக் கணக்கில் இருக்கிறது. நான் அவளைச் சந்தேகப்பட்டதை எந்தக் கணக்கில் போடுவது?"

பதில் எழுதவேண்டிய கடிதம் அது. நான் கதை எழுத உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

4

முடிவு ஒன்று: செய்தியில் "ஒதுக்கிவைத்துள்ளோம், செலவாகவில்லை" என்று இருக்கிறது. கடைக்காரர் படிக்கிறார். "சரி, கெளம்பு" என்கிறார். [இது கதையே இல்லை. நான் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் நடந்திருக்கக்கூடியது.]

முடிவு இரண்டு: கப்பல் கவுண்டரில் இருக்கும் பெண் விளக்கிச் சொல்கிறாள். [மானஸ்தர் கவுண்டர் பக்கம் போனால்தானே!]

முடிவு மூன்று: எப்படியோ போய்விடுகிறார்கள். எப்படி என்று கேட்காதீர்கள், கனவுக்கு டாக்சி தேவையில்லை. தங்கை கதவைத் தட்டுகிறாள். அக்கா திறக்கிறாள். பார்க்கிறாள். பிறகு அக்கா சொல்கிறாள், "

5

அக்கா பேசியதை எழுதி முடித்த கையோடு, கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அலுவலக விதிப்படி தப்பு. எடுத்தது அந்த அம்மா.

"அவரு மிஷின்ல சிக்கின பேப்பரை எடுத்துட்டிருக்காரு. நீங்க யாரு?"

சொன்னேன். அந்தச் சொல் என்னுடையது என்றும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அடப்பாவமே, நீங்களா? ஒரு ஆளு எழுதுறதா அது? நான் மிஷினே எழுதுதுன்னு நெனச்சேன்." சிரித்தார். "விடுங்க மேடம். லீவு கேட்டிருக்கேன். அடுத்த மாசம் நானே தனியா போறேன்."

"அக்கா ஏதாவது...?"

"ஒண்ணும் சொல்லலை. வரலைன்னு கோவமா, வராததே நல்லதுன்னு இருக்காளான்னு தெரியலை."

உளறுவாய்போல, கதை எழுதுவதைச் சொல்லிவிட்டேன். கதையில் அக்கா கதவைத் திறக்கிறாள் என்றும்.



"என்ன சொல்றா?" என்றார். நான் வாயெடுப்பதற்குள், "வேண்டாம், சொல்லாதீங்க. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அழிச்சிடுங்க மேடம். நீங்க எழுதினா அப்படியே ஆயிடுது."

அழித்துவிட்டேன். நாலாம் பகுதியில் மேற்கோள் குறி மட்டும் திறந்து கிடக்கிறது. வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுப்பார்கள். நான் கொடுக்கப்போவதில்லை. தயவுசெய்து நீங்களும் மனசுக்குள் எதையும் போட்டு நிரப்பாதீர்கள். அந்த அம்மா இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.