நோராம்மாவின் குழந்தை

நோரா கிராண்ட்லிக்குக் குழந்தை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளுக்கு ஒரு குழந்தை இருந்து செத்துப்போனது என்று ஏற்காட்டில் ஒருத்தி கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். நம்ப வைத்தவள் பொன்னாயி.

நோரா அமெரிக்க நடிகை. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. சேலத்துப் படக் கம்பெனி ஒன்று அமெரிக்கக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு காட்டுப் படம் எடுத்தது. துரை பங்களா காட்சிகளுக்காக மொத்தக் கூட்டமும் மலையேறி வந்தது. நோரா தங்கியிருந்த எஸ்டேட்டில் பொன்னாயி காப்பிப் பழம் பறிக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மிஷன் பங்களாவில் வேலை பார்த்ததால் அடுப்படி இங்கிலீஷ் கொஞ்சம் வரும். மேனேஜர் அவளை நோராவுக்குத் துணையாக அனுப்பிவைத்தார்.

அன்றிலிருந்து பொன்னாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடை சுமந்த கையில் குடை. கம்பெனி ஜீப்பில் ஒண்டிக்கடை முக்கு வழியாகப் போகும்போது, நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காகவே வெற்றிலை வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னாள். வெற்றிலை அவள் போடுவதில்லை. நோராவை அவள்தான் முதலில் ‘நோராம்மா’ என்று கூப்பிட்டாள். பிறகு எஸ்டேட்டே அப்படித்தான் கூப்பிட்டது.

தலை வாரிவிடும்போது நோரா தன் கதையைச் சொல்வாள். அப்பாவுக்குச் சலவைக் கடை. பதினேழு வயசில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டார்கள். பல்லைச் சரிசெய்தார்கள், முடியின் நிறத்தை மாற்றினார்கள், பேரையும் மாற்றினார்கள். நோரா என்பதே கம்பெனி வைத்த பேர். கல்யாணம் செய்யக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு கொடுத்த வேஷம் கதாநாயகியின் சிநேகிதி. படத்துக்குப் படம் அதேதான். ஒரே ஒரு தடவை கதாநாயகியாகப் போட்டார்கள், அந்தப் படம் படுத்துவிட்டது. முப்பது தாண்டியதும், இனி நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் காட்டுப் படம்தான் அவளுக்கு மிச்சம். இதுவும் கைவிட்டால் அப்பாவின் சலவைக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பொன்னாயிக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னிடம் இவ்வளவு சொல்கிறாளே என்று நெஞ்சு விம்மியது.

படத்தில் நோரா எஸ்டேட் துரையின் மனைவி. அவளுடைய குழந்தை காய்ச்சலில் செத்துப்போகிறது. அவள் முற்றத்தில் விழுந்து அழ வேண்டும். படத்திலேயே பெரிய காட்சி அதுதான். நோராவுக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டார்கள். தண்ணீர் கொட்டியது, அவ்வளவுதான். ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி இருக்கிறாள் என்று டைரக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வாரக் கடைசிக்குள் சரியாக வராவிட்டால் காட்சியை வெட்டிவிடுவேன் என்றார். நோரா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான் கீழே எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டில் மருதாயியின் பையன் செத்தான். நிஜமான காய்ச்சல், நிஜமான குழந்தை. இரண்டு வயசு. மருதாயியும் பொன்னாயியும் அடுத்தடுத்த வீடு, அடுத்தடுத்த வரிசையில் பழம் பறிக்கிறவர்கள். பிறந்த அன்றைக்குப் பையனை முதலில் கையில் வாங்கியவளே பொன்னாயிதான். சேதி வந்ததும் அவள் ஓடப் பார்த்தாள். அதற்குள் மலைச்சரிவிலிருந்து ஒப்பாரி மேலேறி வந்தது. நோரா வெளியே வந்து நின்று கேட்டாள். பிறகு பொன்னாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் கூட்டிப் போ என்றாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எழவு வீட்டுக்குப் பாடம் படிக்க ஆளைக் கூட்டிப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கெஞ்சுகிறவள் நோராம்மா. எஸ்டேட்டில் வேறு யாரிடமும் கெஞ்சாதவள். பொன்னாயி கூட்டிப் போனாள்.

லைனில் பாவாயி என்கிற பெரியவள் வழிமறித்தாள். “இந்தம்மா என்னத்துக்கு வந்திருக்குது? வேடிக்கை பாக்கறதுக்கா?”

பொன்னாயி யோசிக்கவே இல்லை. “இல்லீங்க பெரீம்மா. அவங்களுக்கும் ஒரு கொழந்தை இருந்து போயிருச்சுங்க. சத்தங் கேட்டதும் தாங்க முடியாம வந்துட்டாங்க.”

பாவாயி வழி விட்டாள். உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மருதாயி தலையைத் தூக்கிப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். எழவுக்கு வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் முறை. தோளில் கை போட்டு, நெற்றியோடு நெற்றி முட்டி, முன்னும் பின்னும் ஆடி அழுவார்கள். நோராவும் ஆடினாள். ஆனால் அவள் கண் மூடவில்லை. மருதாயி எங்கே மூச்சை இழுக்கிறாள், எந்த இடத்தில் குரல் உடைகிறது, எப்போது மாரில் அடித்துக்கொள்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பொன்னாயி பார்த்தாள். அந்தக் குழந்தைக்காக அவள் இன்னும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாரக் கடைசியில் காட்சியை எடுத்தார்கள். பங்களா முற்றத்தைச் சுற்றி நிற்க எஸ்டேட் ஆட்களைத்தான் கூட்டியிருந்தார்கள். வீட்டிலேயே கிடந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று பாவாயி மருதாயியையும் இழுத்து வந்திருந்தாள். பொன்னாயிக்கு அது தெரியாது. குடையோடு கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நோரா முற்றத்தில் விழுந்தாள். அழ ஆரம்பித்தாள். வார்த்தை இங்கிலீஷ், அழுகை மருதாயியுடையது. அதே மூச்சு, அதே ஆட்டம், குரல் உடைந்து விழுகிற அதே இடம். கூட்டம் அசையாமல் நின்றது. ஒருத்தியை ஒத்தையில் அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த லைனில் வழக்கமில்லை. ஆனாலும் இது சினிமா, கயிற்றைத் தாண்டக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்கள். எல்லோரும் கயிற்றுக்குப் பின்னாலேயே நின்றார்கள். மருதாயி மட்டும் தாண்டினாள்.

நேராகப் போய் நோராவைக் கட்டிக்கொண்டாள். “அழுவாதீங்க சாமி. உங்க கொழந்தையும் எங் கொழந்தையும் ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு தொணை. அழுவாதீங்க” என்று முதுகைத் தடவினாள்.

டைரக்டர் கையைத் தூக்கி, கேமராவை நிறுத்தாதே என்று சைகை காட்டினார். நோரா கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு அவள் அழுகை நின்றுவிட்டது. மருதாயியின் தோளுக்கு மேல், வாய் திறந்தபடி, பொன்னாயியைப் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் பிறகு பத்திரிகைகள் புகழ்ந்து எழுதினவாம்.

இடைவேளையில், அந்தப் பெண் என்ன சொன்னாள், எதற்காக என்னைக் கட்டிக்கொண்டாள் என்று நோரா கேட்டாள். பொன்னாயி சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். நோரா நேராக டைரக்டரிடம் போய் அந்தப் படச்சுருளைத் தூக்கிப் போடச் சொன்னாள். அவர் சிரித்தார். உன் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்றார்.

மறுநாள் நோரா ஜீப்பும் இல்லாமல், குடையும் இல்லாமல், பொன்னாயியோடு லைனுக்கு இறங்கி வந்தாள். மருதாயி வீட்டு மண்தரையில் உட்கார்ந்தாள். இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள்: எனக்குக் குழந்தை இருந்ததே இல்லை. உன் அழுகையைப் பார்த்துப் படித்துக்கொள்ள வந்தேன். உன்னிடமிருந்து திருடிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. இதை அப்படியே அவளிடம் சொல்.

மருதாயி பொன்னாயியைப் பார்த்தாள். “என்னக்கா சொல்றாங்க?”

சொல்லத்தான் வேண்டும் என்று பொன்னாயிக்குத் தெரியும். சொல்லச் சொல்லிவிட்டு நோராம்மா நாளைக்குக் கப்பலேறிப் போய்விடுவாள். இதே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கப்போவது பொன்னாயிதான். காலையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், மத்தியானம் ஒரே மரத்தடியில் சோறு தின்ன வேண்டும். என் பையன் எழவை வேடிக்கை காட்டினாயா என்று மருதாயி கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

“அவங்க கொழந்தை நெனைப்பு வந்துருச்சாம். நீ கட்டிப் புடிச்சதுல நொம்ப ஆறுதலாம். கும்பிட்டுக்கறேன்னு சொல்றாங்க” என்றாள்.

மருதாயி எழுந்துபோய் நோராவை மறுபடியும் அணைத்துக்கொண்டாள். உண்மையைக் கேட்ட பிறகும் இவள் அணைக்கிறாளே என்று நினைத்து நோரா அன்றைக்கு நிஜமாகவே அழுதாள். அதற்குக் கிளிசரினும் தேவைப்படவில்லை, ஒத்திகையும் தேவைப்படவில்லை. மனசில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பாரம் முழுவதையும் பொன்னாயி சுமந்துகொண்டாள்.

அந்த ஆடி அமாவாசைக்கு மருதாயி செத்துப்போன பையனுக்குப் படையல் வைத்தாள். பொரி, கடலை, மிட்டாய், ஒரு சின்னச் சட்டை. பக்கத்தில் இன்னொரு இலை போட்டிருந்தாள். யாருக்கு என்று பொன்னாயி கேட்டாள்.

“நோராம்மா கொழந்தைக்குத்தானுங்க்கா. அவங்க ஊர்ல இதெல்லாம் செய்வாங்களோ என்னமோ. நம்ம கொழந்தை திங்கறப்ப அது பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுல்லீங்க?”

வருஷா வருஷம் இரண்டு இலை. வருஷா வருஷம் பொன்னாயி பக்கத்து வீட்டுக்காரியாகப் போய் நின்று கும்பிட வேண்டும். மருதாயிக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும், இந்த வருஷம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் பொன்னாயி போவாள். இரண்டாவது இலையில் மருதாயி மிட்டாயை வைக்கிற பதவிசைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பிவிடுவாள்.

ஒரு வருஷம் பொன்னாயி கான்வென்டுக்கு ஆரஞ்சு விற்கப் போனபோது, லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த அமெரிக்க சிஸ்டர் ஒருத்தி அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். நோரா கிராண்ட்லி என்று ஒரு நடிகை இங்கே வந்திருந்தாளாமே, தெரியுமா என்று கேட்டாள். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பெட்டியில் சினிமா மாதிரி வருகிறதாம், அதற்கு டெலிவிஷன் என்று பேர். நோரா இப்போது அதில் பெரிய நடிகை. காட்டுப் படத்து அழுகையைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்களாம். வாராவாரம் நாலு பிள்ளைகளுக்குத் தாயாக வருகிறாள். பல வருஷமாக அந்தத் தொடர் ஓடுகிறது. அமெரிக்காவே அவளை அம்மா என்கிறது. இந்திய மலை ஒன்றில் ஒரு தாய் தன்னை மன்னித்தாள், அதனால்தான் தன்னால் தாயாக நடிக்க முடிகிறது என்று பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறாளாம்.

ஆரஞ்சுக் கூடையோடு திரும்பும்போது பொன்னாயிக்கு ஒரு வழி தோன்றியது. பொய்யைப் பிடுங்கிப் போடத் தைரியமில்லாதவளுக்கு, இன்னொரு பொய்யால் அதை மூடிவிடலாம் என்று தோன்றியது. அந்த ஆடியில் மருதாயி இரண்டாவது இலையை விரிக்கும்போது, “நோராம்மாவுக்கு இப்ப நாலு கொழந்தைங்களாம். சிஸ்டர் சொன்னாங்க. இனிமே நீ இந்த எலை போட வேண்டாங் கண்ணு. அவங்களே பாத்துக்குவாங்க” என்றாள்.

மருதாயி கையெடுத்துக் கும்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. “சேர்வராயன் சாமி கண்ணைத் தொறந்துட்டாருங்க்கா. நாலா? நல்லா இருக்கட்டும்.” பிறகு இலையை நேராக இழுத்துவிட்டாள். “ஆனா நாலு கொழந்தைய வளக்கறவளுக்குப் போனதை நெனைக்க நேரமேதுங்க்கா? எனக்குத்தான் வேற வேலையில்ல. அதுக்கும் நானே போட்டுக்கறேன்.”

மிட்டாயை வைத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். “ஏனுங்க்கா, இத்தனை வருசமா பேர் சொல்லிக் கூப்புடாமயே சோறு வெச்சுக்கிட்டு இருக்கறேன். பையனா, பொண்ணா? பேரென்ன?”

இப்போது சொல்லிவிடலாம். இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது. பொன்னாயி வாயைத் திறந்தாள்.

“பையன்தான்” என்றாள். “பேரு ஜானி.”

சொன்ன பிறகுதான் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. மிஷன் பங்களாவில் வளர்ந்த நாயின் பேர் அது. தினமும் அவள்தான் அதற்குச் சோறு வைப்பாள்.

மருதாயி அந்தப் பேரை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்து வாய்க்குப் பழக்கிக்கொண்டாள். பிறகு கற்பூரத்தை ஏற்றி, தன் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதே குரலில், அதே பாசத்தோடு, “ஜானி, வா சாமி, வந்து சாப்புடு” என்றாள்.

பொன்னாயியும் கும்பிட்டாள்.