சாவியோவுக்கு ஒரு ஓடுற நம்பர்

பெட்டிக்குள் எண்களை ஒட்டி, 'செக்' பட்டனை அழுத்தினேன். சிவப்பு. சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. திரையின் கீழிருந்து ஒரு ரம்மி விளம்பரம் எழும்பிப் பாதி வரிகளை மறைத்தது. அதை மூடுவதற்குள் மீதி வரிகளும் சிவந்துவிட்டன.

"இன்னாமா, எதுனா பச்ச வந்துச்சா?" என்று நைனா கேட்டார்.

காலையிலிருந்து அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். ப்ராக்சி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பச்சை வந்தால் மகன் வருவான் என்று மட்டும் புரிந்து வைத்திருந்தார்.

அண்ணன் சாவியோ ஈரானில் ஒரு தீவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். அங்கே சண்டை தொடங்கியதும் படகு ஓனர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டான். ஆட்களின் பாஸ்போர்ட் எல்லாம் அவனிடம். வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். இன்று சாயங்காலம் நம் ஆட்களை ஏற்றிப்போக ஒரு கப்பல் வருகிறது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதன் படத்தையாவது காட்டினால்தான் ஏற்றுவார்கள். சாவியோவின் போன் போன மாதம் கடலில் விழுந்தது. வேறு போன் வாங்கிவிட்டான், ஆனால் பழையதிலிருந்த படம் அதோடு போயிற்று. இப்போது அந்தப் படம் இருப்பது ராயபுரத்தில் எங்கள் வீட்டில், ஐரீன் அண்ணியின் போனில்.

ஒரு படம். மற்ற நாளாக இருந்தால் கண்ணிமைப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அங்கே வெளிநாட்டு ஆப்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தது. அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. காலையில் அப்படி வந்ததுதான் இது:

"டெலிகிராம்ல ப்ராக்சினு ஒரு எடம் கீது. அதுல வேற நாட்டு கம்ப்யூட்டர் நம்பர போட்டா பூட்டு தொறக்குமாம். இங்க கடக்கார பையன் சொன்னான். ஓடுற நம்பரா பாத்து அனுப்பு ஆன்சி."

தேடினால் அப்படிப்பட்ட எண்கள் கொடுங்கையூர் குப்பைமேடு மாதிரி கொட்டிக் கிடந்தன. எல்லாம் இலவசம், முக்கால்வாசி செத்தவை. எதில் உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு இலவசத் தளம் இருந்தது. எண்களை ஒட்டினால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் சிவப்பு. வந்தால் பச்சை, பக்கத்தில் அந்த நாட்டின் கொடி, பதில் வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒரு எண். எண் சிறிதாக இருந்தால் வேகம் அதிகம்.

முதலில் பச்சை வந்ததையெல்லாம் சந்தோஷமாக அனுப்பினேன். "ஓடல" என்று பதில் வந்தது. திரும்ப அனுப்பினேன். "ஓடல." எஸ்.எம்.எஸ். கடல் தாண்டிப் போவதற்குள் எண் செத்துவிடுகிறது என்று பிறகுதான் உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது. அந்தத் தளம் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தட்டிப் பார்க்கிறது. அதற்குத் திறக்கும் கதவு சாவியோவின் தீவிலிருந்து தட்டினால் திறக்க வேண்டும் என்பதில்லை. எது திறக்கும் என்று அவன்தான் சொல்ல வேண்டும். அதனால் பச்சை வந்த கையோடு இரண்டு மூன்றாகச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தேன்.

கீழ் வீட்டு ரோஸ்மேரி ஆன்ட்டி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அவர் மகன் ஜெஸ்வினும் அதே படகில்தான் இருந்தான். அவன் போன் முந்தாநாளே சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டதாம், பாஸ்போர்ட் படமும் அதற்குள்தான். அவனைப் பற்றித் தெரிவதெல்லாம் சாவியோ சொல்லித்தான்.

"இன்னாடி ஆன்சி, சின்னதுல ஸ்கூலுக்குப் போன்னு சொன்னப்ப கதவாண்ட நின்னு அழுத. இப்ப கலெக்டர் கணக்கா குந்திகினு கீற" என்றார். சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. "எம் புள்ளய பத்தி எதுனா சொன்னானா உங்கண்ணன்?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச்சு வராது. அண்ணிதான் சொன்னாள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கீறாங்களாம் ஆன்ட்டி. சாப்டாங்களாம்."

அப்போது ஒரு வரி பச்சையானது. பின்லாந்து கொடி. எண் இருநூற்றுச் சொச்சம். காலையிலிருந்து அவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை. உடனே அனுப்பினேன்.

எல்லோரும் அண்ணியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. திடீரென்று சாவியோவின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று தோன்றியது.

"வந்துட்டான்!" என்று நைனா எழுந்தே விட்டார்.

அண்ணி படத்தை அனுப்பினாள். படத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றியது. கொஞ்சம் நிரம்பியது. நின்றது. நான் என் போனில் அதே எண்ணைத் திரும்பச் சோதித்தேன். இருநூறு இப்போது தொள்ளாயிரம். மறுபடி அழுத்தினேன். இரண்டாயிரத்து அறுநூறு. மறுபடி. ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. நல்ல வழியில் யாரோ கும்பலாக வந்து அடைத்துக்கொள்வது போல இருந்தது. அடுத்த முறை சிவப்பு. அண்ணியின் போனில் வட்டம் மறைந்து ஆச்சரியக்குறி வந்தது. சாவியோ போய்விட்டான்.

யார் அந்தக் கும்பல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாவியோ இங்கே கடலுக்குப் போன நாளிலும் அப்படித்தான். மீன் கிடைக்கும் இடம் தெரிந்தால் வயர்லெஸ்ஸில் எல்லாப் படகையும் கூப்பிட்டுவிடுவான்.

"நைனா, போன் போடு. ஐ.எஸ்.டி.ல போடு" என்றேன்.

காலையிலிருந்து கிடைக்காத லைன். நைனா பலமுறை போட்டார். கடைசியில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் சாவியோவின் குரல், காற்றுக்கு நடுவே.

"அண்ணா, அந்த நம்பர எத்தினி பேருக்குக் குடுத்த?"

"எல்லாருக்கும்தான். கரையில கீற மொத்த பேரும் வூட்டுக்குப் பேசணும்னு தவிச்சிகினு கீறாங்கடி. பாவம் இல்லியா? ஒரு நிமிசம் நல்லா ஓடுச்சு, அப்பால புட்டுகிச்சு."

"எல்லாரும் ஏறினா அது படுத்துடும். அடுத்தத யாருக்கும் குடுக்காத."

"இன்னாடி இப்டி சொல்ற? ஜெஸ்வின் யார் போனயோ வாங்கிகினு பக்கத்துலயே நிக்கிறான். அவனுக்கு—"

"அவனுக்கும் குடுக்காத."

லைன் அறுந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, ரோஸ்மேரி ஆன்ட்டி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார் என்று.

அண்ணி என் கையைப் பிடித்தாள். ஆன்ட்டி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நல்லா இரும்மா" என்றார். "நாள் பூரா வாயே தொறக்க மாட்ட. தொறந்த ஒரு தபா எம் புள்ள கழுத்துல கத்திய வெச்சிட்ட."

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னது தப்பா சரியா என்று எனக்குத் தெரியவில்லை. படம் போகாவிட்டால் சாவியோ கரையில் நிற்பான். படம் போனால் ஜெஸ்வின் நிற்பான். போனில் அந்த ஒற்றைப் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரு படம்தானே போகப்போகிறது?

வெறுங்காலோடு ஓடினேன். பாதிப் படியில் அவரைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, ஜெஸ்வின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கீதா வூட்ல?"

"இருந்தா இன்னா? இல்லாட்டி இன்னா?"

"எட்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே படமா எடுத்துடலாம். ஒரு தபா போனா போதும், ரெண்டு பேருக்கும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் ஓடினார்.

ஜெராக்ஸ் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தது. அதை மேசையில் நீவி வைத்து, பக்கத்தில் அண்ணியின் போனில் சாவியோவின் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்தேன். நைனாவின் பழைய போனில் எடுத்தேன். அதன் கேமரா மட்டம்தான், ஆனால் படம் சின்னதாக வரும், சீக்கிரம் போகும். எழுத்துகள் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். முடிந்தது. அதை அண்ணியின் போனுக்கு அனுப்பி வைத்தேன்.

இனி எண் வேண்டும். புதிய பட்டியலை ஒட்டினேன். சிவப்பு. இன்னொரு பட்டியல். வேகமான பச்சை ஒன்று வந்தது. திரும்ப அழுத்தியதும் மூன்று மடங்கு மெதுவானது. இதில் உலகமே ஏறியிருக்கிறது, வேண்டாம். கீழே ஒரு வரி, பிரேசில் கொடி, ஆயிரத்துத் தொள்ளாயிரம். மந்தம். யாரும் சீண்ட மாட்டார்கள். திரும்ப அழுத்தினேன், ஆயிரத்துத் தொள்ளாயிரம். திரும்பவும் அதேதான். சாவியோவுக்கு எழுதினேன்: "இது உனக்கு மட்டும். ஜெஸ்வின் படமும் இதுலயே வருது. வந்த அப்புறம் யாருக்கு வேணா குடு."

பதில் இல்லை. ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"கப்பல் கெளம்பிட்டிருக்குமோ" என்றாள் அண்ணி.

"வாய கழுவு" என்றார் நைனா.

'ஆன்லைன்.'

அண்ணியிடமிருந்து போனை நானே வாங்கி அனுப்பினேன். வட்டம் சுற்றியது. கால்வாசி. நின்றது. என் போனில் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். இரண்டாயிரத்து நூறு, பச்சை. அப்படியானால் அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. வட்டம் நகர்ந்தது. பாதி. ரோஸ்மேரி ஆன்ட்டியின் நகம் என் தோளில் பதிந்தது. வட்டம் மூடி ஒரு டிக் விழுந்தது. அவன் பார்த்தால்தான் இரண்டாவது விழும்.

விழுந்தது.

"வந்துச்சு. தெளிவா கீது. ரெண்டு பேரும் கப்பலாண்ட ஓடுறோம்."

ஆன்ட்டி தரையில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நைனா அவருக்குத் தண்ணீர் மொண்டு வந்து, கொடுக்க மறந்து, தானே குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் சாவியோவின் எண்ணிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. எழுதியது அவனில்லை.

"தங்கச்சி, நான் தவசிமுத்து, தூத்துக்குடி பக்கம். சாவியோவும் ஜெஸ்வினும் கப்பல்ல ஏறிட்டாங்க. ஏறுறப்போ படத்தக் காட்டிட்டு போன எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். கப்பல் இன்னும் எடுக்கல. நாங்க பத்து பதினஞ்சு பேர் படம் இல்லாம நிக்கோம். அந்த நம்பர் நின்னுட்டு. வேற இருக்கா?"

"போனயே குடுத்துட்டானா?" என்றாள் அண்ணி. "எறங்குற எடத்துலேர்ந்து எப்டி பேசுவான்? எங்க போய் எறங்கினான்னு நமக்கு எப்டி தெரியும்?"

முகம் தெரியாத ஒருவருக்கு நான் அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினேன்: "இருங்கண்ணா. நம்பர் பாக்குறேன். நீங்க ஒவ்வொருத்தர் வூட்டு போன் நம்பரும் அனுப்புங்க."

முதல் வீட்டின் எண் வந்ததும் ரோஸ்மேரி ஆன்ட்டி நைனாவின் போனை வாங்கிக்கொண்டார்.

"ஹலோ, தவசிமுத்து வூடா? நான் மெட்ராஸ்லேர்ந்து ரோஸ்மேரி. எவ ரோஸ்மேரியா? அத அப்பால சொல்றேன். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கீதா? ... அழாதம்மா, அவரு நல்லாத்தான் கீறாரு. பீரோவ தொற. மொதல்ல பீரோவ தொற."

நான் அடுத்த பட்டியலை ஒட்டி, பட்டனை அழுத்தினேன்.